போர்டு போச்சு, போர்டு இருக்கு

வீரபாண்டிய மன்னனுக்குப் பார்வை போன கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பார்வை திரும்பி வந்த விதத்தில்தான் ஒரு நிர்வாகச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. வீரபாண்டியில், முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மனை வணங்கினான் மன்னன். அம்மன் ஒரு கண்ணைக் கொடுத்தாள். மறு கண்ணுக்குக் கண்ணீஸ்வரமுடையாரிடம் போக வேண்டியிருந்தது. ஒரே ஊர், ஒரே ஆறு, ஒரே முகம், ஆனால் இரண்டு கண்ணுக்கும் இரண்டு சந்நிதி. தேனி வட்டாரத்தில் அதிகார வரம்பு பிரிக்கப்பட்ட முதல் வழக்கு இதுதான் என்று நினைக்கிறேன். ராஜாவுக்கே ரெண்டு ஆபீஸ் அலைச்சல் என்றால், பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது என்று மனு எழுதிப் பையில் வைத்துக்கொண்டு திரியும் நமக்கு எத்தனை ஆபீஸ் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தை யார் ஆள்வது, அவரைக் கட்சிச் சின்னத்தில் தேர்ந்தெடுப்பதா, கட்சி இல்லாமல் தேர்ந்தெடுப்பதா என்று அமெரிக்காவில் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அது ‘ஸ்கூல் போர்டு’. நமக்கு வார்த்தை திரும்பி விழுந்தது: ‘போர்டு ஸ்கூல்’. எங்கள் தாத்தா தலைமுறையில் யாரைக் கேட்டாலும் “நான் போர்டு ஸ்கூல்ல அஞ்சாப்பு” என்பார்கள். ஏன் போர்டு என்று கேட்டால் பாதிப் பேர், வாசலில் போர்டு மாட்டியிருந்ததால் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஜில்லா போர்டு என்ற ஒன்றை அவர்கள் பார்த்ததே இல்லை. அது மதுரையில் இருந்தது. வீரபாண்டியிலிருந்து மதுரை போவது அந்தக் காலத்தில் சோறு கட்டிக்கொண்டு போகிற பயணம்.

இந்தப் போர்டின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1871-ல் சென்னை ராஜதானியில் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. உள்ளூரில் வசூல், உள்ளூரில் செலவு. நடுவில் கலெக்டர். 1882-ல் ரிப்பன் பிரபு, இந்தியர்கள் தங்கள் ஊரைத் தாங்களே ஆண்டு பழகட்டும் என்று ஒரு தீர்மானம் போட்டார். நம் ஆட்கள் புளகாங்கிதப்பட்டு ‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்று கோஷம் போட்டார்கள். 1884-ல் சட்டம் வந்தது: ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் பஞ்சாயத்து என்று மூன்று அடுக்கு. ஜில்லா போர்டுக்குத் தலைவர் யார்? கலெக்டர். அப்பன் பேரில் வீடு கட்டினார்கள், சாவி மட்டும் பழைய ஆளிடமே இருந்தது.

வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவுக்குக் கம்பம் நடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று அடுக்கு சட்டென்று புரியும். முக்கொம்பு அத்திக் கம்பம். ஆற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். பக்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது வெட்டிக் கொண்டுவந்து நட்ட மரம், அதற்கு வேர் கிடையாது. திருவிழா முடிந்தால் எடுத்துவிடுவார்கள். நம் உள்ளாட்சியையும் ஒவ்வொரு சர்க்காரும் இதே முறையில்தான் நட்டது.

‘அந்தக் காலத்தில் போர்டில் கட்சியே கிடையாது, எல்லாம் பெரிய மனிதர்கள்’ என்று சிலர் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். உண்மை. கட்சி கிடையாது. பெரும்பாலான ஜனங்களுக்கு ஓட்டும் கிடையாது. வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. வரி கட்டுகிற அளவுக்கு நிலம் வைத்திருந்தவர்கள் ஊருக்கு விரல்விட்டு எண்ணும் அளவு. ஜமீன்தார், வக்கீல், லேவாதேவிக்காரர் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் அங்கே எதற்குக் கட்சி? சீட்டு விளையாடவே நாலு பேர் வேண்டும்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். கட்சிச் சாயம் ஏறாத அந்த நாற்காலிகளில் நல்ல மனிதர்களும் உட்கார்ந்தார்கள். 1910-களின் கடைசியில் சேலம் நகரசபைத் தலைவர் ராஜாஜி, ஈரோடு நகரசபைத் தலைவர் ஈ.வெ.ரா. தமிழ்நாட்டைப் பின்னால் இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு சண்டை போட்ட இருவரும் அப்போது ஒரே மாதிரி குழாய்த் தண்ணீர்ப் பைல்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். குழாய்க்குக் கொள்கை வேறுபாடு கிடையாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

1920-ல் ஆட்டம் மாறியது. இரட்டையாட்சி வந்தது. எது இந்திய மந்திரிக்கு, எது வெள்ளைக்கார அதிகாரிக்கு என்று பாகம் பிரித்தார்கள். கஜானாவும் போலீசும் அவர்களுக்கு. வாத்தியாரும் சாக்கடையும் நமக்கு. அதாவது கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி எல்லாம் இந்திய மந்திரிகளிடம் வந்தன. அதே வருஷம் புதிய உள்ளாட்சிச் சட்டம். தொடக்கக் கல்விக்குத் தனிச் சட்டம். அதன் கீழ் ஜில்லா கல்விக் கவுன்சில்கள். நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1921 முதல் 1926 வரை முதல் மந்திரியாக இருந்த பனகல் ராஜா உள்ளாட்சி இலாகாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். கெட்டிக்காரர். போர்டுகளில் தேர்தல் உறுப்பினர்களோடு நியமன உறுப்பினர்களும் உண்டு. நியமிக்கும் பேனா யாரிடம்? மந்திரியிடம். தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, சட்டத்தில் கட்சி என்ற சொல்லே கிடையாது. ஆனால் எந்தப் போர்டில் யாரை நியமித்தால் எந்தச் சட்டசபை ஓட்டு நம் பக்கம் சாயும் என்ற கணக்கு மட்டும் ராஜாவுக்கு மனப்பாடம். கட்சி சார்பற்ற தேர்தல் என்பதன் முதல் பாடம் இது: சின்னம் இல்லாத இடத்தில் பேனாதான் சின்னம்.

அந்தப் பேனா எழுதியதில் ஜனங்களை நேரடியாகத் தொட்டது ஒன்றே ஒன்றுதான். ரோடு அல்ல, சத்திரம் அல்ல. வாத்தியார் மாறுதல்.

எங்கள் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். கதைதான், சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள். ஆற்றோர ஊர் ஒன்றில் ஒரு வாத்தியார். பெயர் வேண்டாம். நல்ல மனுசன், கணக்கில் புலி. போர்டு தேர்தல் வந்தது. வாத்தியார் யாருக்கும் வேலை பார்க்கவில்லை. அவர் மச்சினன்தான் எதிர்த்தரப்பு வேட்பாளரின் வில்வண்டிக்குப் பின்னால் ரெண்டு தெரு நடந்துவிட்டான். தேர்தல் முடிந்த மறு வாரம் தபால்காரர் வந்தார். உத்தரவு: வருஷநாட்டுப் பக்கம் மாறுதல். அன்றைய வருஷநாடு என்றால் ரோடு முடிந்த பிறகும் நடக்க வேண்டும்; காய்ச்சலுக்குப் பேர் போன மலையடிவாரம். வாத்தியார் வீட்டம்மா சும்மா இருப்பாரா? தம்பியைக் கூப்பிட்டார். “ஏன்டா, ஓட்டுக்காக நடந்தியா, வண்டியில குடுத்த சுக்குமல்லிக்காக நடந்தியா?” “சுக்குமல்லிக்குத்தான்க்கா.” “அப்ப அதை போர்டு பிரசிடெண்டுகிட்டப் போய்ச் சொல்லு.” அவனும் மதுரைக்குப் போய்ச் சொன்னானாம். பிரசிடெண்ட் சிரித்துவிட்டு, மாறுதலை ரத்து செய்யாமல், ஒரு டம்ளர் சுக்குமல்லி கொடுத்து அனுப்பினாராம்.

இந்தக் கதையின் பத்துப் பதினைந்து வடிவங்களை ராஜதானி முழுக்கக் கேட்கலாம். எங்கே போனாலும் வாத்தியார் தண்டிக்கப்படுகிறார், எங்கே போனாலும் உத்தரவில் ‘நிர்வாகக் காரணங்களுக்காக’ என்ற தொடர் வருகிறது. நிர்வாகத்துக்கு மச்சினன்மார் மேல் ஏன் அவ்வளவு கோபம் என்று எவரும் விளக்கியதில்லை.

நீதிக்கட்சி மந்திரிகளில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பங்கு இல்லாமல் போகுமா? உத்தமபாளையத்துப் பி.டி. ராஜன். 1892-ல் பிறந்தவர், கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தவர், 1920-லேயே சட்டசபை போனவர், 1930-லிருந்து மந்திரி. 1936-ல் முதல் மந்திரியாக இருந்த பொப்பிலி ராஜா லீவு போட்டுவிட்டுக் கப்பலேறினார். அந்த இடத்தில் ஏப்ரல் 4 முதல் ஆகஸ்ட் 24 வரை உட்கார்ந்தார் ராஜன். சென்னை ராஜதானி முழுக்க ஒரு கம்பம் பள்ளத்தாக்குக்காரர் கையெழுத்தில் ஓடிய அந்த நாலரை மாசத்தை நாங்கள் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ராஜா ஊர் சுற்றிவிட்டு வந்தார், நாற்காலியை வாங்கிக்கொண்டார். லீவு வேகன்ஸி வாத்தியாருக்கு மட்டும் வருவதில்லை.

அதே சமயத்தில் காங்கிரஸ் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. போர்டு, நகரசபை எல்லாவற்றிலும் வெளிப்படையாகக் கட்சிப் பெயரில் நிற்பது என்று இறங்கினார்கள். அதுவரை ‘போர்டில் எதற்கய்யா அரசியல்?’ என்று அங்கலாய்த்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் ஏற்கெனவே போர்டில் உட்கார்ந்திருந்தவர்கள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசியல் வேண்டாம் என்று சொல்பவர் எந்த நாற்காலியிலிருந்து அதைச் சொல்கிறார் என்று பார்த்துவிட்டால் பாதி விவாதம் முடிந்துவிடும்.

1937 சட்டசபைத் தேர்தலில் காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் கலர் கலராக ஓட்டுப்பெட்டி. பிடித்த நிறத்தில் சீட்டைப் போட வேண்டியது. மஞ்சள் கிடைத்தது அதிர்ஷ்டமா, சாமர்த்தியமா தெரியாது. மஞ்சளை எதிர்த்து எந்தத் தமிழன் பேசுவான்? கல்யாணப் பத்திரிகைக்கும் மஞ்சள், காப்புக் கயிற்றுக்கும் மஞ்சள், வீரபாண்டியில் தீச்சட்டி எடுப்பவள் கட்டும் சேலைக்கும் மஞ்சள். பொப்பிலி ராஜா தோற்றார். பி.டி. ராஜனும் தோற்றார். ஆனால் மனிதர் விடவில்லை. நீதிக்கட்சி என்ற பெயரைப் பலரும் மறந்துவிட்ட 1952-ல் அதே கட்சிப் பெயரில் கம்பம் தொகுதியில் நின்று ஜெயித்துக் காட்டினார். கட்சி போனாலும் ஆள் இருந்தால் போதும் என்பதற்கும் எங்கள் பள்ளத்தாக்கே சாட்சி. எதிர்க்கட்சி வாதத்துக்கும் சாட்சி வேண்டுமென்றால் தருகிறோம், நாங்கள் பாரபட்சம் பார்ப்பதில்லை.

சுதந்திரம் வந்தது. காமராஜர் வந்தார். பள்ளிக்கூடம் திறந்தார், மதியச் சோறு போட்டார். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி, பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை என்று ஊர்க்காரர்களிடமே வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்தார். இந்தக் காலத்தைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. போர்டு, கவுன்சில், கமிட்டி எதற்கும் காத்திராமல் ஊரே கடிகாரம் வாங்கிக் கொடுத்த காலம் அது. அந்தக் கடிகாரங்களில் சில நின்றுபோன நிலையில் இன்னும் தலைமையாசிரியர் அறைகளில் தொங்கும். யாரும் கழற்ற மாட்டார்கள்.

1958-ல் பஞ்சாயத்துச் சட்டம். ஜில்லா போர்டுகள் ஒழிந்தன. 1960 அக்டோபர் 2-ல் தொடங்கி ஒரே வருஷத்தில் மாநிலம் முழுக்க 370-க்கும் மேற்பட்ட பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. போர்டு ஸ்கூல் யூனியன் ஸ்கூல் ஆனது. உயர்நிலைப் பள்ளிகளை அரசே எடுத்துக்கொண்டது. வாசலில் போர்டை மாற்றி எழுதினார்கள்.

கூடவே ஒரு கொள்கையும் வந்தது: கிராமத்துக்குக் கட்சி வேண்டாம். ஜெயப்பிரகாஷ் நாராயண் கட்சியற்ற ஜனநாயகம் பற்றி மனம் உருகிப் பேசிக்கொண்டிருந்த காலம். கிராமம் ஒரு குடும்பம், குடும்பத்துக்குள் கொடி எதற்கு என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதைச் சொன்னவர்கள் நம் குடும்பங்களைப் பார்த்திருக்கிறார்களா என்பது சந்தேகம். வாய்க்கால் வரப்பில் அண்ணன் தம்பி மூஞ்சி கொடுக்காமல் முப்பது வருஷம் நடக்கும் ஊரில், கட்சி ஒன்றுதான் இரண்டு பேரையும் ஒரே மேடையில் உட்கார வைக்கிறது.

சீமையிலும் இதே கூத்துதான் நடந்தது. 1870-ல் இங்கிலாந்தில் பள்ளிக்கூடப் போர்டுகளுக்குத் தேர்தல் வைத்தார்கள். கட்சிக்கு இடமில்லாமல் சிறு கூட்டத்துக்கும் இடம் கிடைக்கட்டும் என்று ஒரு விசித்திர ஏற்பாடு: போர்டில் எத்தனை இடமோ ஒருவருக்கு அத்தனை ஓட்டு. அத்தனையையும் ஒரே ஆளுக்கும் குத்தலாம். பர்மிங்காமில் 15 இடம். லிபரல் கட்சிக்காரர்கள், ஊரே நம்மோடு என்று 15 ஆளையும் நிறுத்தி ஓட்டைச் சோறு மாதிரி பரப்பிப் பரிமாறினார்கள். எதிர்த்தரப்பு சர்ச்சுக்காரர்கள் குறைவான ஆட்களை நிறுத்தி உருட்டி விழுங்கினார்கள். கத்தோலிக்கர்கள் ஒரே பாதிரியாருக்கு மொத்தத்தையும் குத்தினார்கள். அவர்தான் ஊரிலேயே முதலிடம். லிபரல்களுக்கு 15-ல் கிடைத்தது 6. அதே வருஷம் லண்டன் போர்டில் எலிசபெத் காரெட் என்ற பெண் டாக்டர் 47,000-க்கும் மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போடவே பெண்ணுக்கு உரிமை இல்லாத நாட்டில் அது நடந்தது. அது ஒன்று மட்டும் அந்தப் போர்டுகளுக்காகக் கைதட்ட வைக்கிறது. மற்றபடி, கட்சியை வெளியே தள்ளிய கதவு வழியாக மதம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. 1902-ல் போர்டுகளையே இழுத்து மூடிவிட்டார்கள்.

நம் யூனியனுக்கு வருவோம். ‘யூனியன் சேர்மன்’ என்ற பதவி அந்தக் காலத்தில் எப்படிப்பட்டது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஜீப், அதில் முன் சீட், பின்னால் நாலு பேர். தொடக்கப் பள்ளி வாத்தியார்கள் எல்லாம் யூனியன் ஊழியர்கள். மாறுதல் வேண்டுமா? சேர்மன் வீட்டுத் திண்ணை. மாறுதல் வேண்டாமா? அதற்கும் அதே திண்ணை. கம்பு நிலத்தில் களை எடுக்க ஆள் குறைந்தால் சேர்மன் வீட்டில் பி.டி. வாத்தியார் நிற்பார் என்று கேலி செய்வார்கள். கிராமப் பஞ்சாயத்தில் கட்சி இல்லை என்று சட்டம் சொன்னது. அந்தக் கட்சியில்லாத பஞ்சாயத்துத் தலைவர்கள் கூடித்தான் யூனியன் சேர்மனைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுக்கும் முன்பு தலைவர்கள் சிலர் திடீரென்று கோயில் சுற்றுலா போவார்கள், வாக்குப் பதிவு நாளில் நேராக வேனில் வந்து இறங்குவார்கள், நெற்றியில் பழநித் திருநீறோடு. கட்சி இல்லாதவர்களைக் கடத்த வேண்டிய அவசியம் கட்சிக்கு ஏன் வந்தது என்று சட்டம் எழுதியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

1970-க்குப் பிறகு தேர்தல் இல்லை. 1986 வரை இல்லை. பதினாறு வருஷம். அந்த இடைவெளியில் எம்.ஜி.ஆர். ஆட்சி, 1981 ஜூன் 1 முதல் யூனியன் வாத்தியார்களை அரசு ஊழியர்களாக்கிவிட்டது. ஒரே உத்தரவில் சேர்மன் வீட்டுத் திண்ணைகள் காலியாயின. வாத்தியார்கள் பட்டாசு வெடித்திருந்தால் ஆச்சரியமில்லை. பிறகு 1986-ல் புதுச் சேர்மன்கள் வந்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் மாறுதல் பேனா எங்கேயோ போயிருந்தது. கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது, ஓடு மாற்றுவது, சுற்றுச்சுவர் கட்டுவது, இவைதான் மிச்சம். பாடம் கல்வித் துறையில், சம்பளம் கல்வித் துறையில், சுவர் யூனியனில். வீரபாண்டியன் கதைதான்: ஒரு கண் இங்கே, மறு கண் அங்கே.

ஆக, போர்டு போச்சு. வாசலில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்ற போர்டு மட்டும் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத்துக்கு ஓட்டே போடாத பேரூராட்சி ஊர்களிலும் இந்தப் போர்டைப் பார்க்கலாம். ஏன் என்று கேட்டால், ‘அது அப்படித்தான்’ என்பார்கள். வரலாறு என்பதற்குத் தமிழில் இதுவும் ஒரு பெயர்.

1992-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, 1994-ல் தமிழ்நாட்டுக்குப் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது. 1996 ஜூலையில் தேனி தனி மாவட்டம் ஆனது, அக்டோபரில் முதல் தேர்தல். எட்டு ஒன்றியம், 130 ஊராட்சி, 22 பேரூராட்சி. இந்தச் சட்டத்தில்தான் கட்சியா, கட்சி இல்லையா என்ற நூற்றாண்டுக் கேள்விக்கு நம் ஆட்கள் ஒரு விடை கண்டுபிடித்தார்கள். விடை: இரண்டும்.

2019 டிசம்பர் கடைசியில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. சுவரில் ஆத்திசூடி, ஜன்னலில் பிள்ளைகள் கட்டிய கலர்த் தாள் தோரணம், உள்ளே குட்டைப் பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுகள். வாத்தியாரே வாக்குச்சாவடி அலுவலர். (தாத்தா காலத்து மாறுதல் கதைகளை எண்ணிக்கொண்டே விரலில் மை வைத்தாரோ என்னவோ.) ஓட்டுப்போட வந்த அப்பத்தாவிடம் நாலு சீட்டு நீட்டினார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சி கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ, மூக்குக்கண்ணாடி மாதிரி சுயேச்சைச் சின்னங்கள். அடுத்த இரண்டில் உதயசூரியனும் இரட்டை இலையும் கையும் வந்துவிடும். ஒரே அப்பத்தா, ஒரே மறைப்பு அட்டை, ஒரே முத்திரைக் கட்டை. முதல் இரண்டு சீட்டுக்கு அவர் கட்சி சார்பற்ற குடிமகள். மூன்றாம் சீட்டை எடுக்கும் அந்த நொடியில் கட்சிக்காரி ஆகிவிட வேண்டும்.

“எந்தாயி, இதுல ரெட்டலையக் காணோம்?”

“அது பச்சைல இருக்கும் அப்பத்தா. இது தலைவர் சீட்டு.”

“அப்ப நம்ம கட்சிக்காரன் எதுல நிக்கான்?”

“பூட்டு சாவில... ஐயையோ, நான் சொல்லக் கூடாது அப்பத்தா.”

நான்கு சீட்டும் மடித்து ஒரே பெட்டிக்குள். 2020 ஜனவரி 2-ஆம் தேதி எண்ணும்போது பெட்டியைக் கவிழ்த்து, முதலில் நிறம் நிறமாகப் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, பிறகுதான் எண்ணவே ஆரம்பித்தார்கள். இரவெல்லாம் எண்ணினார்கள், மறுநாளும் எண்ணினார்கள். கட்சியையும் கட்சியின்மையையும் பிரித்தெடுக்கும் வேலை அவ்வளவு சுலபமில்லை.

ஊராட்சி எல்லையைத் தாண்டி வீரபாண்டிக்குள் வந்தால் விதி வேறு. வீரபாண்டி பேரூராட்சி. 2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் இங்கே வார்டு கவுன்சிலருக்கே கட்சிச் சின்னம், சீட்டுக்குப் பதில் மிஷின். கிராமத்து மனிதனுக்குக் கட்சி கூடாது, பேரூராட்சி மனிதனுக்குக் கூடும். நடுவில் இருப்பது ஒரு வயல் வரப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் நடவு நடுபவர் குடும்ப உணர்வோடு ஓட்டுப் போடுவார். இந்தப் பக்கம் வந்து டீ குடித்தால் சித்தாந்தம் பிறந்துவிடும். சட்டத்தின் கற்பனையை மெச்சத்தான் வேண்டும்.

கிண்டலை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு உசிலம்பட்டிப் பக்கம் திரும்ப வேண்டும். தேனியிலிருந்து மதுரை போகும் வழி. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996-லிருந்து பத்து வருஷம் அங்கே உருப்படியாகத் தேர்தல் நடக்கவிடவில்லை. யாரும் மனுப் போடவில்லை. போட்டு ஜெயித்தவர்கள் உடனே ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார்கள். 2006 அக்டோபரில்தான் முறையாக நடந்தது. அங்கே எந்தக் கட்சிக்கொடி பறந்தது? சட்டப்படி ஒன்றும் இல்லை. சாதிதான் அந்தத் தேர்தலின் ஒரே சின்னம், அது தேர்தல் கமிஷன் பட்டியலிலேயே கிடையாது. கட்சி இல்லாவிட்டால் ஊர் ஒற்றுமையாக இருக்கும் என்று யாராவது இனிமேல் சொன்னால், எந்த ஊர், யாருடைய ஒற்றுமை என்று கேளுங்கள்.

அதற்காகக் கட்சிச் சின்னம் வந்துவிட்டால் கரும்பலகை வெளுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் 1998-ல் ஓட்டெடுப்பு வைத்து, பள்ளிப் போர்டுத் தேர்தலில் கட்சிப் பெயர் வேண்டாம் என்று முடிவு செய்தது. 2024-ல் மறுபடி ஓட்டெடுப்பு வைத்து, கட்சிப் பெயர் வேண்டுமா என்று கேட்டார்கள். பாதிக்கு மேல் ஆட்கள் வேண்டும் என்றார்கள். ஆனால் தேவைப்பட்ட 60 சதவீதம் வரவில்லை. நடுவில் இருந்த கால் நூற்றாண்டும் அந்த ஊர் வேட்பாளர் எந்தக் கட்சி என்று அந்த ஊர் அப்பத்தாவுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும். என் கட்சி என்ன என்று கேட்டால் சொல்லிவிடுகிறேன்: சின்னத்தோடு வருகிறவனையாவது அடுத்த தேர்தலில் அடையாளம் வைத்துத் திட்டலாம். பூட்டு சாவியில் ஜெயித்தவர் அடுத்த முறை மூக்குக்கண்ணாடியில் வந்தால் யாரைத் திட்டுவது?

இப்போது பள்ளிக்கூடத்துக்கென்று நம்மிடம் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டம் கொடுத்தது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், தலைவர் ஒரு தாய். கட்சி கிடையாது. பத்து மணிக்குத் தேர்தல் என்று சொல்லி, வந்த தாய்மார்களில் யார் மறுப்பு சொல்லக் கூச்சப்படுகிறாரோ அவரைத் தலைவராக்கிவிடும் பள்ளிகளும் உண்டு. ஆனாலும் நான் இந்தக் குழுவின் கட்சி. மாசம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு அம்மா எழுந்து சொல்லி, அது தீர்மான நோட்டில் ஏறி, அடியில் பதினைந்து கையெழுத்து விழும்போது, 1884-லிருந்து எந்தப் போர்டும் கேட்காத ஒரு குரல் அந்த நோட்டில் ஏறுகிறது. அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் பிள்ளை அங்கே படித்தால் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்.

ஊராட்சிகள் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தேனி உட்படப் பல மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வைக்காமல் தனி அலுவலர்களை நியமித்தார்கள். தனி அலுவலருக்குப் பூட்டு சாவியும் கிடையாது, இரட்டை இலையும் கிடையாது. அவருக்கு யாரும் ஓட்டுப் போடவும் இல்லை. நூறு வருஷமாக நாம் தேடிக்கொண்டிருந்த கட்சி சார்பற்ற ஆள் அவர்தான்.